இடது காது, வலது காது

வினோதாவின் வேலை மற்றவர்களின் நலம். கேலிக்குச் சொல்லவில்லை, அவள் அறைக்கு வெளியே மாட்டியிருந்த பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது: பணியாளர் நலம் மற்றும் மேம்பாட்டுப் பிரிவு. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் யாருக்கு இன்ஷூரன்ஸ் அட்டை வந்து சேரவில்லை, யாருக்கு மகப்பேறு விடுப்பு, யாரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், யார் பிள்ளை கட்டணம் இல்லாமல் படிக்கிறது என்பதெல்லாம் அவள் தலையில்தான் விடியும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு உதவியாளர், இன்றைக்கும் உதவியாளர். ஊரை மேம்படுத்தி மேம்படுத்தியே அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

அந்த வேலையில் இருந்துகொண்டு அவள் ஒரு தப்புச் செய்தாள். நல்ல மனசோடு செய்தாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆவணியில் வருடாவருடம் இலவச மருத்துவ முகாம் நடக்கும். பேராசிரியர்களுக்கு அது ஒரு வகுப்பை ஒத்திப்போடச் சாக்கு. அலுவலகத்தாருக்கு டீ, பிஸ்கட், கொஞ்சம் அரட்டை. டிரைவர்களுக்கு மட்டும் அது பரீட்சை. கண் சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் மறுநாளே ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வேறு வேலை தருவார்கள், இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் அதைக் காண்டிராக்ட் கம்பெனிதான் தரும். துடைப்பமோ தோட்டக் குழாயோ. பல்கலைக்கழகத்தின் ஆள் இல்லை என்றாகிவிட்டால் பிள்ளைக்குக் கட்டணச் சலுகையும் போச்சு, படிப்பு எந்த வருடத்தில் இருந்தாலும் சரி. அந்தச் சுற்றறிக்கையை டைப் அடித்தவளே வினோதாதான்.

போன ஆவணியில், முகாமுக்கு முதல் நாள் சாயங்காலம், பச்சையப்பன் அவள் அறை வாசலில் வந்து நின்றார். செவ்வாப்பேட்டையிலிருந்து கிளம்பும் ஸ்டாஃப் பஸ்ஸின் டிரைவர். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் ஏரியில் வலை போட, இவர் ஒருவர் மட்டும் கரையேறி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். செவ்வாப்பேட்டையிலேயே வாடகைக்கு வீடு. வினோதாவும் அதே ஊர் என்பதால் ஸ்டாஃபில் முதலில் ஏறுகிறவளும் கடைசியில் இறங்குகிறவளும் அவள்தான்.

"இன்னாண்ணா, உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்து நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அந்தத் தடவலை அப்போதே அவள் கவனித்திருக்க வேண்டும்.

"சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சி மா," என்றார். "மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரில காட்டினேன். கண்ணுலயே ஊசி போட்டான். நரம்பு போனா போனதுதான், திரும்பாதுன்றான்."

"ஐயோ. இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாமேண்ணா, அதுக்குத்தானே அது இருக்கு?"

"போட்டா பேப்பர் எங்க வரும்? உன் டேபிளுக்கு. அப்பால உன் ஆபீசர் மோகன்ராஜ் சார் டேபிளுக்கு." லேசாகச் சிரித்தார். "எம் பொண்ணு சத்யாவுக்கு இங்க இது கடைசி வருசம். சித்திரையில பரீட்சை முடிஞ்சா நர்ஸு. அது வரைக்கும் தள்ளிட்டா போதும். நான் உன்னை ஒண்ணும் கேக்க வரல மா. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சி."

உண்மையிலேயே அவர் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

கேட்டிருந்தால் வினோதா மறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். கேட்காமல் போனதால்தான் அவளுக்கு அந்தப் பழைய காலை ஞாபகம் வந்தது. அப்போது அவள் மகன் கைக்குழந்தை. பல்கலைக்கழகக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவதற்காக பஸ்ஸில் கூட்டி வந்தவனுக்கு வழியில் ஜுரம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. பச்சையப்பன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேராசிரியர், கிளார்க் என்று அத்தனை பேரையும் வைத்துக்கொண்டே பஸ்ஸைத் திருப்பித் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளை பிழைத்தான். அவருக்கு மெமோ கிடைத்தது. அதற்கப்புறம் ஒருநாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மறுநாள் கலையரங்கத்தில் முகாம். கண் டாக்டரின் வரிசையைச் சரிபார்த்து அனுப்புவது வினோதாவின் பொறுப்பு. அட்டை மாட்டிய சுவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக வைத்திருக்கும் அட்டை அது. மூன்று கால் முளைத்த ஒரே எழுத்துத்தான் வரிசை வரிசையாக இருக்கும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும்.

முதல் எழுத்து பெரியது. பச்சையப்பன் வலது பக்கம் கையைக் காட்டினார், சரி. இரண்டாவது வரிசையும் எப்படியோ தாண்டியது. மூன்றாவது வரிசைக்குக் குச்சி இறங்கியதும் அவர் கை பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் பேனாவை எடுத்தார். அரங்கத்தில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, யாரோ பிஸ்கட் பாக்கெட் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வினோதாவின் கை தானாக எழுந்து அவளுடைய இடது காதைத் தொட்டது.

பச்சையப்பனின் கை இடது பக்கம் போனது.

அவருக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏரியில் காற்றடிக்கும்போது ஒரு படகிலிருந்து கத்துவது அடுத்த படகுக்குக் கேட்காது. எந்தப் பக்கம் மீன், எந்தப் பக்கம் மணல்திட்டு என்பதெல்லாம் கைச் சாடையில்தான். நடக்கப் பழகுவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் சாடை படித்துவிடும். எழுத்துத் தெரியாத கண்ணுக்கு ஆள் தெரிந்தது. வலது காது என்றால் வலது, உச்சந்தலை என்றால் மேலே, தாடை என்றால் கீழே. கடைசி வரிசைக்கு முந்தின வரிசை வரைக்கும் போனார்.

"இந்த வயசுல நல்ல பார்வை," என்றார் டாக்டர்.

வினோதாவுக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சாயங்காலம் பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள். ஒரு பெண்ணின் படிப்பைக் காதைச் சொறிந்தே காப்பாற்றியாயிற்று. அந்த பஸ்ஸில்தான் தானும் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவள் புத்தியில் அப்போது ஏறவில்லை.

ஐப்பசி மழையில் ஏறியது. ஒருநாள் காலையில் பச்சையப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மா, நீ இந்த முன்னாடி சீட்டுல உக்காரேன். பேச்சுத் துணையா இருக்கும்."

முன் கதவுக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிக்கு இந்தப் புறம் இருக்கிற ஒற்றை சீட்டு அது. நூலகத்தில் வேலை பார்க்கும் ஏஞ்சல்தான் அதில் வழக்கமாக உட்காருவாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவள் சும்மா போகவில்லை. "இன்னாடி வினோதா, லைசென்ஸு எடுக்கப் போறியா? இல்ல டிரைவரம்மா ஆயிட்டியா?" என்று சொல்லி பஸ்ஸையே சிரிக்க வைத்தாள். பச்சையப்பனும் சிரித்தார். வினோதா மட்டும் சிரிக்கவில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்து முதல் வளைவிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

எதிரில் வந்த வேனின் விளக்கு கண்ணில் பட்டதும் அவர் முகம் சுருங்கியது. "எந்தப் பக்கம் மா?" என்றார், உதடு அசையாமல்.

வினோதா வலது காதைத் தொட்டாள்.

அப்படி ஆரம்பித்தது. வாயால் சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும், அதனால் சாடை. இடது ஓரத்தில் சைக்கிளோ மாடோ என்றால் இடது காது. எதிரே வண்டி என்றால் வலது. வேகத்தடை என்றால் தாடை. உச்சந்தலையில் கை வைத்தால் நிறுத்த வேண்டும். முதலில் மழை நாளில் மட்டும். பிறகு இருட்டிக்கொண்டு வரும் சாயங்காலங்களில். கார்த்திகை முடிவதற்குள் தாமரைப்பாக்கம் தாண்டியதிலிருந்து புதுவாயலில் நெடுஞ்சாலை ஏறுகிற வரைக்கும் அவள் கை மடியில் தங்குவதே இல்லை. பயத்தில் பல்லிடுக்கால் மூச்சை இழுத்து இழுத்து, "இன்னாடி, பாம்பு மாதிரி சீறிக்கினு வர்ற?" என்று ஏஞ்சல் கேட்கிற அளவுக்குப் போயிற்று. அவளுக்கு லீவு போடப் பயம். தூங்கப் பயம். தும்மல் வந்தால்கூட, அந்த நேரம் பார்த்துக் குறுக்கே எதுவும் வந்துவிடக் கூடாதே என்று பயம்.

ஆரணிக்கு முன்னால் ஒரு பால்காரர் மாட்டிக்கொண்டார். சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன். வினோதா இடது காதைத் தொட்டாள்; பச்சையப்பன் வண்டியை ஒடிக்க ஒரு நொடி தாமதமாயிற்று. படிக்கட்டு ஒரு கேனைத் தட்டிவிட்டது. பால்காரர் வரப்பில் உருண்டு எழுந்தார், காயமில்லை. பஸ்ஸே எழுந்து நின்று அவரைத் திட்டியது. பார்த்து ஓட்டத் தெரியாதா, செத்துத் தொலைய எங்கள் வண்டிதான் கிடைத்ததா என்றெல்லாம். அந்த மனிதர் சிந்திய பாலைப் பார்த்துக்கொண்டு, தன் மேல்தான் தப்பு என்று நம்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். வினோதாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு அவள் சொன்னாள்: "போதும்ணா. யாராவது செத்துடுவாங்க."

"சித்திரை வரைக்கும் தான் மா. அதோட சாவியை நானே கொண்டாந்து உன் டேபிள்ல வெச்சிடறேன். நீ இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்?"

அவள் மோகன்ராஜிடம் சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்தாள். நலப் பிரிவின் அதிகாரி. கெட்டவர் இல்லை, விதியைத் தாண்டி யோசிக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். "ஒரு டிரைவருக்கு நடுவுல உடம்பு முடியாம போச்சுன்னா, பிள்ளை படிப்பு முடியற வரைக்குமாவது சலுகையை வெச்சிருக்கலாமே சார்?"

"ஒருத்தருக்குப் பண்ணா அத்தனை பேரும் கேப்பாங்க," என்றார் மோகன்ராஜ். "ஏன், யாருக்கு இன்னா?"

"சும்மாதான் கேட்டேன் சார்."

சத்யாவும் அதே பஸ்ஸில்தான் வருவாள். ஸ்டாஃப் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்காரலாம் என்று ஒரு வழக்கம். சீருடையில், தலையை இறுகப் பின்னி, மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆனால் படிக்காமல் நேரே பார்த்துக்கொண்டு வருவாள். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மட்டும் முன்பக்கமாக வந்து, "வரேன் நைனா," என்று அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போவாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிற தைரியம் வினோதாவுக்கு இல்லை.

தை கடைசியில் மோகன்ராஜ் அவளைக் கூப்பிட்டார். மைசூரில் ஒரு வாரப் பயிற்சி. பணியாளர் மேம்பாட்டுத் திட்டத்தில் அலுவலகத்தார் ஒருவருக்குத்தான் இடம். அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார். முடித்துவிட்டு வந்தால் பிரிவு அலுவலர் பதவி.

"எத்தனை பேரை நீ அனுப்பி வெச்சிருப்ப. இப்ப நீ போ," என்றார்.

எவ்வளவு காலமாகக் காத்திருந்த வார்த்தை! ஆனால் அதைக் கேட்டதும் வினோதாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முன் சீட்டு. ஒரு வாரம் அது காலியாக இருக்கும். ஏஞ்சல் மறுபடி அதில் உட்கார்ந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வாள்.

"யோசிச்சு சொல்றேன் சார்."

"யோசிக்க இன்னா இருக்கு? திங்கக்கிழமை ஆரம்பம். வேணாம்னா சொல்லு, வேற ஆளைப் போட்டுடறேன்."

பச்சையப்பனிடம் சொன்னபோது அவருக்குத்தான் அவளைவிட மகிழ்ச்சி. "போய்ட்டு வா மா. ஒரு வாரந்தானே, ரோடு எனக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன்." அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பனி இல்லை. சாலை கழுவி விட்டதுபோலத் தெளிவாக இருந்தது. வினோதா ஒரு சோதனை செய்தாள். இடது ஓரத்தில் ஒரு குருவிகூட இல்லாத இடத்தில் இடது காதைத் தொட்டாள். பொய்ச் சாடை. அவர் வண்டியை ஒடிக்கிறாரா என்று பார்த்தாள். இல்லை. நேராகப் போனார். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி தொட்டாள். அப்போதும் நேராகத்தான் போனார்.

வினோதாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஓரத்தில் எதுவும் இல்லை என்று அவருக்கே தெரிகிறது! வெளிச்சத்தில் நன்றாகத்தான் பார்க்கிறார். நான்தான் வீணாக இத்தனை நாள் செத்துப் பிழைத்திருக்கிறேன். ஊசி வேலை செய்திருக்கும். அலுவலகத்துக்குப் போனதும் மோகன்ராஜிடம் சரி என்று சொன்னாள். மத்தியானம் ஏஞ்சலுக்கு கேண்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்.

மறுநாள் சனிக்கிழமையும் வேலை நாள்தான். அன்றைக்குப் பனிமஞ்சு இறங்கியிருந்தது. பெரியபாளையத்துக்கு வந்து சேருவதற்குள் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டினாற்போல ஆகிவிட்டது. அங்கே இரண்டு பேர் ஏறுவார்கள், அதனால் பஸ் கொஞ்சம் நிற்கும். ஊருக்குப் போவதற்கு முன்னால் வண்டிக்கு ஒரு முழம் பூவும் எலுமிச்சம்பழமும் போட்டுவிட்டுப் போகலாம் என்று வினோதாவுக்குத் தோன்றியது. பச்சையப்பன் கண்ணாடியை உள்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சால்வையைக் கழற்றிக் கைப்பையின் மேல் போட்டுவிட்டு முன் கதவு வழியாக இறங்கினாள்.

பூவோடு திரும்பி வந்து படிக்கட்டின் கீழே நின்றபோது உள்ளே அவர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"நீ ஒண்ணுத்துக்கும் பேஜாராகாத மா. போய் ஜம்முனு ஆபீசராகினு வா. சத்யாவும் பாஸாயிடும். அன்னிக்கி நம்ம ஊட்டுல நண்டுக் கொழம்பு, பையனையும் கூட்டிக்கினு வந்துடணும், இன்னா?"

சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சால்வை போர்த்திய கைப்பையைப் பார்த்து, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பதில் வராததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அவள் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லையே. கியரைப் போட்டார். பஸ் நகர்ந்தது.

வினோதா கம்பியை எட்டிப் பிடித்துத் தாவி ஏறினாள். ஓசைப்படாமல் பையை நகர்த்தி உட்கார்ந்தாள். பூ மடியில் கிடந்தது. கையை உயர்த்தி இடது காதைத் தொட்டாள். அப்புறம் கையை நீட்டி அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே ஆட்டினாள். அவர் இமைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் நேராகப் போனது ஓரம் காலி என்று பார்த்து அல்ல. அவள் கையே தெரியாமல்தான்.

எத்தனை நாளாக? யாருக்குச் சாடை காட்டிக்கொண்டிருந்தேன்? அவள் பின்னால் திரும்பினாள். ஏஞ்சல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நாஷ்டாவை முடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் சத்யா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண்ணின் படிப்பு அத்தோடு முடியும். சொல்லாவிட்டால் எது முடியுமோ தெரியாது. ஆரணி போய்விட்டது, பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் புதுவாயல். அங்கே நெடுஞ்சாலை. ஆந்திராவிலிருந்து வரும் லாரிகளும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் போகும் கண்டெய்னர்களும் பனியாவது ஒன்றாவது என்று பறந்துகொண்டிருக்கும் சாலை.

மஞ்சுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு வைக்கோல் டிராக்டரின் முதுகு முளைத்தது. பின்விளக்கு இல்லை. வினோதா பல்லிடுக்கால் மூச்சை இழுத்தாள்.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. எல்லோரும் தங்களுக்கு முன்னால் இருந்த சீட்டில் மோதிக்கொண்டார்கள். வைக்கோல் கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது.

அவள் கையைத் தூக்கவே இல்லை. ஆனால் பிரேக் விழுந்திருந்தது.

"எப்படிண்ணா நிறுத்தினீங்க?" குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"நீ மூச்சை இழுப்பல்ல மா," என்றார் பச்சையப்பன் மெல்ல. "பொங்கலுக்கு முன்னாடியே உன் கை எனக்குத் தெரியல. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல. நீ பயந்தா ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். ரோடு மட்டும் நெழலாட்டம் தெரியும், மத்ததெல்லாம் அந்தச் சத்தத்தை வெச்சிதான்."

டிராக்டர் பனிக்குள் போய் மறைந்தது. பச்சையப்பன் மறுபடி கியரில் கை வைத்தார்.

"ஓரமா நிறுத்துங்கண்ணா."

"இன்னாமா?"

"ஓரமா நிறுத்துங்க."

அவர் மறுபேச்சு இல்லாமல் நிறுத்தினார். அவள் சொன்னதை எல்லாம் நம்பியே பழகியவர். அவள் இன்ஜின் மூடியின் மேல் கவிழ்ந்து சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவர் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளவில்லை. சாவிக்கொத்தின் சத்தம் தன் பக்கத்திலிருந்து விலகிப் போனதைக் கேட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது.

"வினோதாமா. சித்திரைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு மா."

"மன்னிச்சிடுங்கண்ணா," என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. எழுந்து பின்னால் திரும்பி நின்று, "அண்ணனுக்குக் கண்ணு தெரியல. எல்லாரும் இறங்குங்க," என்றாள்.

பஸ்ஸில் இரைச்சல் கிளம்பியது. தூக்கத்திலிருந்து எழுந்த ஏஞ்சல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். யாரோ வசை பாடினார்கள், யாரோ வீடியோ எடுத்தார்கள். பின்னாலிருந்து சத்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஓங்கி அறையப்போகிறாள் என்று நினைத்து வினோதா அசையாமல் நின்றாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பவே சொல்லியிருக்கலாம்ல க்கா," என்றாள் சத்யா. குரல் உடைந்திருந்தது. "நர்சிங் படிக்கறவ க்கா நானு. சர்க்கரைக் கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஹாஸ்டல் கூட நமக்கு ஃப்ரீதான், போவச் சொல்லி நைனா எவ்ளோவோ சொல்லுச்சி. நான்தான் போவல. நான் பின்னாடி உக்காந்துகினு இருந்தா நைனா ஜாக்கிரதையா ஓட்டும்னு. நீங்க முன்னாடி உக்காந்ததும், அக்கா பாத்துக்கும்னு நானும் வாயை மூடிக்கினேன்."

பச்சையப்பன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்யா அந்தத் தோளைத் தினமும் தொடுவதுபோலத் தொட்டாள்.

வினோதா மோகன்ராஜுக்குப் போன் செய்தாள். அவர் முதலில் வேறு பஸ் அனுப்புவதாகச் சொன்னார். பிறகுதான் யோசனை வந்தது. "இரு, ஆவணி முகாம்ல அந்த ஆளு பாஸாச்சே? நல்ல பார்வைன்னு டாக்டர் கையெழுத்தே போட்டிருக்காரே, எப்படி?"

"நான்தான் சார் பக்கத்துல நின்னு சாடை காட்டினேன்."

"மைசூருக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்," என்றார். "நீ வந்து என்னைப் பாரு."

மாற்று பஸ் வந்தது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். முன் சீட்டில் யாரும் உட்காரவில்லை. வினோதாவோடு பேசவும் இல்லை. அவள் அதில் போய் உட்கார்ந்தாள். சத்யா ஏறவில்லை. எதிர்ப்புறம் போய்ச் செவ்வாப்பேட்டைப் பக்கம் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் பரீட்சை எழுதுவாளா, யாராவது மனசு வைப்பார்களா என்பதெல்லாம் இனி மேஜைகளின் காரியம். அந்த மேஜைகளை வினோதாவுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் கிளம்பியது. ஓரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது. வினோதாவின் கை இடது காதுக்குப் போனது.

"காது வலிக்குதா மேடம்?" என்றார் புது டிரைவர்.

அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பச்சையப்பன் சாலையில் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டிருந்தார். பனிக்குள்ளிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. வினோதா மூச்சை இழுத்தாள். அது அவருக்குக் கேட்கிற தூரத்தில் இல்லை. சத்யா கையை நீட்டி அப்பாவின் மார்பில் குறுக்கே வைத்துத் தடுத்தாள். லாரி போன பிறகும் அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.